சலெஞ்சர் விண்ணோடமும் ஓரிரவு விவாதமும்

1986ஆம் ஆண்டு சனவரி 28ஆந் திகதி புளோரிடாவிலிருந்து எழுந்த சலெஞ்சர் விண்ணோடம் 73 செக்கன்களில் சிதைந்தது, எழுவர் மாண்டனர். பக்க றொக்கெற்றின் பொருத்தை அடைக்கும் இறப்பர் வளையம் குளிரால் விறைத்துக் கனல்வாயுவைக் கசியவிட்டதென றோஜர்ஸ் ஆணைக்குழு கண்டது. அவ்வளையத்தினும் ஆராயத்தக்கது முந்திய இரவின் வரலாறு.

அவ்விரவு, றொக்கெற்றை ஆக்கிய தயக்கோல் நிறுவனத்துப் பொறியியலாளர், வெப்பநிலை 53 பாகை பரனைற்றுக்குக் குறையின் ஓடத்தை ஏவலாகாதெனத் தொலைபேசி வழியே வாதாடினர். அவருள் ஒருவரான றோஜர் போய்ஸ்ஜொலி, பேரழிவு நேரலாமென 1985 யூலையிலேயே எழுத்தில் எச்சரித்தவர். நாசா அதிகாரிகளோ உடன்பட்டிலர். முந்திய பயணங்கள் சிலவற்றிலும் வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தன. எனினும் ஓடங்கள் மீண்டன. மீண்டமையே பாதுகாப்புக்குச் சான்றாயிற்று! ஏவுதல் தீங்கற்றதென நிறுவவேண்டியவர் எவருமிலர். தீங்குடையதென நிறுவும் சுமை பொறியியலாளர் தலைமேல் ஏறியது. தயக்கோல் முகாமையாளர் நால்வர் ஈற்றில் முடிவெடுக்க முனைந்தபோது, பொறியியற் பிரிவின் தலைவரை முகாமையாளராகச் சிந்திக்குமாறு மேலதிகாரி வேண்டினார். அவரும் இணங்கினார். ஓடம் எழுந்தபோது வெப்பநிலை 36 பாகை. இவ்வாதம் நிகழ்ந்ததையே நாசாவின் மேன்மட்டத்தார் அறிந்திலர்.

பதினேழாண்டுகள் கழிந்தன. 2003 பெப்ரவரி 1ஆந் திகதி கொலம்பியா விண்ணோடம் அழிந்தது, அதிலும் எழுவர். ஏவுகையின்போது எரிபொருட் தாங்கியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடச்சிறகைத் தாக்கியிருந்தது. நுரை பெயர்தலும் பழகிப்போன செய்தியே. ஓடம் விண்ணிற் சுற்றுகையிலேயே சேதத்தைப் படம்பிடிக்கப் பொறியியலாளர் வேண்டினர், படம் எடுக்கப்படவில்லை.