கீழ்ப்பாக்கம் முதல் கடலூர் வரை: பண்ருட்டி இளைஞரும் மனநல மருத்துவமும்

பண்ருட்டிப் பக்கம் ஒருவரைக் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்றால் விளக்கம் வேண்டியதில்லை. சுமார் 180 கி.மீ. தொலைவில், சென்னையில் உள்ள ஒரு பேட்டையின் பெயர் இங்கே ஏச்சானதற்குக் காரணம், மனநோய்க்கு அரசு வைத்தியம் என்றால் நெடுங்காலம் அந்த ஒரே இடம் இருந்ததுதான். 1794-இல் மருத்துவர் வாலண்டைன் கனாலி சென்னையில் தொடங்கிய மனநோயாளர் காப்பகம் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1922-இல் அரசு மனநோய் மருத்துவமனை என்று பெயர் பெற்றது. 1912-ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டப்படி பெரும்பாலும் மாஜிஸ்திரேட் உத்தரவோடுதான் அங்கே சேர்த்தார்கள். உள்ளே போவதற்கே வெட்கப்பட வேண்டியிருந்த காலத்தில், பதினேழு வயதுப் பிள்ளையை யார் கூட்டிப்போவார்?

ஆனால் நோய் தலைகாட்டுவது அந்த வயதில்தான். மனநோய்களில் முக்கால் பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்று 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. வீடுகளில் அதைக் கெட்ட நேரம் என்றார்கள், செய்வினை என்றார்கள். 'கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்' என்று கல்யாணமும் செய்துவைத்தார்கள். வேப்பிலை அடித்தும் தீராதவர்களைத் திருச்சி அருகே உள்ள குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைப்பதும் உண்டு.

மருத்துவம் மெல்லத்தான் அருகே வந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தது. பூட்டிய வார்டுகளைப் பார்த்துப் பழகிய நாட்டில் இது பெரிய மாற்றம். பின்னர் புதுச்சேரி ஜிப்மரும், 1985-இல் சிதம்பரத்தில் அமைந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில் கிடைத்தன. அந்தந்த மாவட்டத்திலேயே சிகிச்சை தரும் மாவட்ட மனநலத் திட்டம் 1990-களில் தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்குத்தான் வந்தது.

இளைஞர்களை அரசு தனியாகக் கவனித்தது மருத்துவமனை வழியாக அல்ல, பரீட்சை வழியாக. ப்ளஸ் டூ முடிவு வெளியாகும் நாள் ஊர்தோறும் அச்சம் தரும் நாளாக இருந்தது. தோற்றவர் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லாதபடி, 2000-களின் தொடக்கத்தில் உடனடித் துணைத் தேர்வு வந்தது. 1986-இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பு இதை வலியுறுத்தி வந்தது. மருந்தில்லாத மனநல நடவடிக்கைகளில் இந்தத் துணைத் தேர்வுக்கு நிகரானது குறைவு. 2013-இல் வந்த 104 தொலைபேசிச் சேவை, தேர்வு முடிவுக் காலங்களில் மாணவர்களுக்கு ஆலோசனையும் சொன்னது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 18 வயதில் கோடு கிழித்தது. அதற்குக் கீழே உள்ளவரைப் பெரியவர்களோடு வைக்கக்கூடாது. துணைக்கு ஒருவர் உடன் இருக்க வேண்டும். சிகிச்சையில் இருக்கும்போதே 18 நிறைந்தால், அவரைச் சுயமாகச் சேர்ந்த நோயாளியாக வகைப்படுத்த வேண்டும். அந்த வயதைத் தாண்டும்போது பிள்ளைகள் பிரிவிலிருந்து பெரியவர் பிரிவுக்கு நல்ல முறையில் மாறியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை என்று இங்கிலாந்தில் 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. பண்ருட்டி போன்ற ஊர்களின் சிக்கல் வேறு: மாறுவதற்கு முன் இருக்க வேண்டிய பிள்ளைகள் பிரிவே அருகில் இல்லை. முதல் சீட்டே பெரியவர்களுக்கான ஓ.பி.யில்தான்.

2022 அக்டோபரில் தொடங்கிய 14416 இலவசத் தொலைபேசிச் சேவையில் தமிழிலேயே பேசலாம். மருத்துவரை நேரில் பார்க்க வேண்டியவர்களை அது மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அனுப்புகிறது; பண்ருட்டிக்காரருக்கு அது மாவட்டத் தலைநகரான கடலூருக்குப் போகும் பஸ்.