எஃகின் அயலில் வாழ்வோர்



எஃகு என்பது தமிழின் பழஞ்சொற்களுள் ஒன்று. சங்கப் பாடல்களில் அது கூரிய படைக்கலத்தைக் குறித்து வருகிறது. பொருளைவிடக் கூரிய எஃகு இல்லை என்பது வள்ளுவர் கருத்து. உருக்கு என்பது செயலால் அமைந்த பெயர். 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் அரச கழகத்தில் தென்னிந்திய எஃகைப் பற்றி அளித்த கட்டுரையில் அது ‘வூட்சு’ எனப்பட்டது. கன்னட ‘உக்கு’ என்னும் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பது பரவலான கருத்து. நம் குடும்பத்துச் சொல் ஒன்று, பொருளோடு சேர்ந்து கடல் கடந்தது.

அந்த எஃகு பிறந்த முறை எளியது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வு, எஃகு உருக்கிய உலைகளின் சான்றுகளை வெளிக்கொணர்ந்தது. சேலம் வட்டாரத்துக் கொல்லர் இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியையும் பச்சிலையையும் மண்மூசையில் இட்டு மூடி, மரக்கரி நெருப்பில் உருக்கினர். உலை சிறிதாக இருந்தவரை காடு தாங்கியது.

கும்பினிப் பணியிலிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் பேருலைகளை நிறுவினார். சேலத்துக் கனிமம், மரக்கரி என்னும் இரண்டையும் நம்பி எழுந்தது அந்த ஆலை. பேருலையின் பசிக்குக் கரி தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று, செலவு ஏறியது. அந்த நூற்றாண்டு முடியுமுன் ஆலை அணைந்தது. கற்கரியில் உருக்கிய மலிவான ஆங்கிலேய இரும்பு சந்தையை நிறைத்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் காட்டு விறகும் எட்டாப் பொருளானது. நாட்டுக் கொல்லரின் உலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிந்தன. நிலக்கரியைத் தொடாத எஃகும் காட்டின்மீதும் காட்டை அண்டியோர்மீதும் சுமையேற்றக்கூடும் என்பது இவ்வரலாறு தரும் முதற்பாடம்.

இன்று உலகம் ‘பசுமை எஃகு’ என்று பேசுகிறது. ஊதுலையில் ஒரு டன் எஃகு செய்ய ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு வெளியாகிறது. கற்கரிக்கு மாற்றாக ஹைட்ரஜனைக் கொண்டு கனிமத்திலுள்ள ஆக்சிஜனை நீக்கினால் நீராவியே எஞ்சும். பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்குவது மற்றொரு வழி. இரண்டுக்கும் தூய மின்சாரம் பெருமளவில் வேண்டும்.

வேல்சு நாட்டின் போர்ட் டால்பட் நகரில் டாட்டா நிறுவனத்தின் கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30ஆம் நாள் மூடப்பட்டது. அவ்விடத்தில் மின்வில் உலை அமையவிருக்கிறது. பழையது அணைந்தபோது புதியது எழவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளின் சுமை ஆயிரக்கணக்கான தொழிலாளர்மீது விழுந்தது. வானம் தெளியும் என்பது உண்மை. அந்நகரின் கடைத்தெரு வாடியிருப்பதும் உண்மையே.

தூய மின்சாரம் எங்கிருந்து வரும் என்று வினவும்போது கதை நம் கேமரன் மலைக்கு வருகிறது. 1963இல் இங்குள்ள நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியது. ரிங்லெட்டில் சுல்தான் அபூபக்கர் அணை எழுந்தது. பகாங் மலைநீர் சுரங்கவழியே பேராக் பக்கம் இறங்கி மின்சாரமாகிறது. புகையற்ற மின்சாரந்தான். எனினும் மேட்டுநிலங்கள் பயிருக்காகத் திருத்தப்பட, கரைந்த மண் ஏரியில் வண்டலாய்ப் படிந்தது. கொள்ளளவு குறைந்த அணையிலிருந்து 2013 அக்டோபர் 23ஆம் நாள் பெருமழையில் திறந்த நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. உயிர்களும் வீடுகளும் பறிபோயின. ஒளி தொலைவூர்களுக்குச் சென்றது. வெள்ளம் அணைக்குக் கீழே வாழ்ந்தவர்களிடம் வந்தது.

இத்தகைய மாற்றத்தில் மக்கள் கையற்று நிற்கவேண்டியதில்லை என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. 1950களில் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டன. பாலுறிஞ்சும் வேலையோடு லயத்து வீட்டையும் தமிழர் இழந்தனர். அதற்கு விடையாக 1960இல் வீ. தி. சம்பந்தனார் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி செலுத்தித் தொழிலாளர் பங்குதாரராயினர், தோட்டங்களை வாங்கினர். எல்லாரையும் அது காக்கவில்லை. ஆயினும் விற்கப்படும் மண்ணில் வேலை செய்தவனுக்கும் உரிமையுண்டு என்று அது நிறுவியது.

தமிழில் ‘அயல்’ என்னும் சொல் இருபொருள் தருவது. அயலகத்தார் என்றால் அடுத்த வீட்டார். அயல்நாட்டார் என்றால் வேற்றவர். உலையின், அணையின், தோட்டத்தின் அருகே வாழ்வோரை முதற்பொருளில் அயலாராகக் கொள்வதா, இரண்டாம் பொருளில் கொள்வதா என்பதே எல்லாத் தொழில்மாற்றங்களின் அறவினா. மாற்றம் வேண்டும், வெப்பமேறும் மலையில் தேயிலை பயிரிடும் நாம் அதை மறுக்க இயலாது. ஆனால் உலை அணையுமுன் மாற்றுவேலை உண்டா, அணை திறக்குமுன் எச்சரிக்கை உண்டா, ஈட்டத்தில் அருகிருப்போர்க்குப் பங்கு உண்டா என்னும் மூன்று வினாக்களை மாணவர் கேட்கப் பழகவேண்டும். வினாக்களைக் கூர்மையாக வடித்துக் கொடுப்பது மொழியாசிரியர் கடமை.