ஜேக்கபைட் உருவப்பட மதுக்கிண்ணங்கள்

ஜேக்கபைட் உருவப்பட மதுக்கிண்ணங்கள் என்பவை, இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் முகம் செதுக்கப்பட்ட 18ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியக் கண்ணாடிக் கிண்ணங்கள் ஆகும்.

1688இல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் அரியணையை இழந்தார். ஜேம்ஸ் என்பதன் இலத்தீன் வடிவம் யாக்கோபஸ். அவர் வழியினரை ஆதரித்தோர் ஜேக்கபைட்டுகள் எனப்பட்டது அதனால்தான். அவருடைய பேரன் சார்லஸ் 1745இல் ஸ்காட்லாந்தில் படை திரட்டினார். 1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் போரில் தோற்றுப் பின்னர் பிரான்சுக்குத் தப்பினார். பிடிபட்ட ஆதரவாளர்களில் பலர் தூக்கிலிடப்பட்டனர்.

ஆதரவாளர்களின் விருந்துகளில் மன்னருக்கு வாழ்த்துக் கூறும்போது, கிண்ணத்தைத் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேலாகக் கொண்டுசென்று அருந்துவது வழக்கமாம். கடலுக்கு அப்பால் இருக்கும் மன்னருக்கே வாழ்த்து என்பது குறிப்பு. கிண்ணங்களிலும் ரோசா மலர், மொட்டு, ஓக் இலை போன்ற குறிப்புகளே மிகுதி. ரோசாவைக் காட்டிக் கேட்டால் வெறும் பூ என்று சொல்லித் தப்பலாம். முகத்தை அப்படிச் சொல்ல முடியாது. அதனால் உருவப்படக் கிண்ணம் வைத்திருப்பது தனித் துணிச்சல்தான். கட்டம் போட்ட டார்டன் மேலாடை, தொப்பி, சுற்றிலும் இலைமாலை என இளவரசர் அவற்றில் காட்சி தருகிறார். சிலவற்றில் 'இன்னும் துணிவுடன் செல்வேன்' என்று பொருள்படும் இலத்தீன் தொடரும் உண்டு.

1670களில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் உருவாக்கிய காரீயக் கண்ணாடி, மென்மையும் பளபளப்பும் உடையதாதலால் செதுக்க ஏற்றது. சுழலும் சிறு செப்புச் சக்கரத்தில் எண்ணெயில் குழைத்த எமரித்தூளைத் தடவி, கிண்ணத்தைக் கீழிருந்து அதன்மேல் அழுத்துவர். உண்மையில் கண்ணாடியை அறுப்பது செம்பு அன்று, தூளே. அந்தக் குழைவு வேலை நடக்கும் இடத்தை மறைத்துவிடும். துடைத்துத் துடைத்துப் பார்த்தும், கைப்பழக்கத்தை நம்பியும்தான் மூக்கையும் கண்ணையும் செதுக்க வேண்டும். ஆழமாகப் போன கோட்டை அழிக்க வழியில்லை.

செதுக்கியவர்கள் பெரும்பாலும் கையொப்பம் இடவில்லை. ஆபத்தான வேலைக்குப் பெயர் போட யார் துணிவார்?

இளவரசர் 1788இல் ரோமில் இறந்தார். பிற்காலத்தில் சேகரிப்போர் பெருகவே போலிகளும் பெருகின. பழைய வெற்றுக் கிண்ணத்தை வாங்கி அதில் புதிதாக முகம் செதுக்கினால், கண்ணாடியின் வயதை மட்டும் சோதித்துப் பயனில்லை. புழக்கத்தால் விழுந்த கீறல்களைச் செதுக்கல் வெட்டிச் செல்கிறதா, செதுக்கலின் மேல் கீறல்கள் விழுந்துள்ளனவா என்று உருப்பெருக்கியில் பார்ப்பது ஒரு வழி. முந்தையதானால், முகம் பின்னர் வந்தது.