கொறங்காட்டு மண்ணும் கொள்ளுப் பருப்பும்



விடுதியில் என் அறைத்தோழன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். காவிரித் தண்ணீரில் வளர்ந்தவன். "உங்க காங்கேயத்துல காளையை விட்டா வேற என்னடா இருக்கு?" என்று மூன்று வருடமும் சீண்டினான். கடைசி வருடப் பொங்கல் விடுமுறைக்கு அவனை ஊருக்குக் கூட்டிப் போனேன். நான்கு நாள் தங்கினான். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவன் கேட்கவே இல்லை. ஆனால் அவன் கண்டதற்கும் உண்டதற்கும் பின்னால் இருந்த வரலாற்றை அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கடனை இந்த மலரில் அடைக்கிறேன்.

கொங்கு மண்டலத்தின் 24 நாடுகளில் ஒன்று காங்கேய நாடு. கோவை மாவட்டத்தில் இருந்து, 1979-இல் பெரியார் மாவட்டம் (பின்னாளில் ஈரோடு) போய், 2009-இல் திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்தது. மாவட்டம்தான் மாறியது; மண் மாறவில்லை. திருப்பூர் சாலையில் பஸ் நிற்கும் சின்ன ஊர் படியூர். அங்கே பூமிக்கடியில் கிடைத்த நீலப்பச்சைக் கற்களை, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் சுரங்கம் வைத்துத் தோண்டி எடுத்தனர். பெரில் எனப்படும் அந்தக் கல் இந்தியாவில் கிடைப்பது, வேறெங்கும் அரிது என்று ரோமாபுரியின் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். வடக்கே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலைப் பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்கிறது. 1980-களின் நடுவில் தொடங்கிய அகழாய்வுகளில் அங்கே இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி செய்த பட்டறைகளின் தடயங்களும், தமிழ்பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும் கிடைத்தன. பனியனுக்கு முன்பே உலகச் சந்தை பார்த்த வட்டாரம் இது!

ஆனால் மழை குறைந்த பூமி. இங்கே நம் முன்னோர் கண்ட வழிதான் கொறங்காடு. கிளுவை முள்வேலி போட்டுக் காட்டைத் தனித்தனியாய் அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம். ஒரு காட்டில் மேய்ந்த மாடு அடுத்த காட்டுக்குப் போகும். மேய்ந்த காடு இளைப்பாறும். வேலியே காவல் என்பதால் மேய்க்க ஆள் வேண்டாம். அந்தப் புல்லில் வளர்ந்ததுதான் காங்கேயம் மாடு. கன்று செவலையாகப் பிறக்கும். ஆறு மாத வாக்கில் நிறம் மாறும். மயிலை, காரி, செவலை என்று நிறம் பார்த்துத்தான் பேரே. பாலுக்கு என்று வளர்த்த இனம் அல்ல. உழவுக்கும் பாரத்துக்கும் வளர்த்த இனம். கவலை இறைத்துத் தோல்பறியில் கிணற்றுத் தண்ணீரை மேலேற்றியதும் இந்தக் காளைகள்தாம். இனத்தைத் தேர்ந்து பெருக்கியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் பங்கு பெரிது. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் நோம்பியை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தை அந்தப் பெருமையின் கண்காட்சி.

சாப்பாட்டுக்கு வருவோம். முதல் நாளே என் அமுச்சி அவனை விடவில்லை. "நெல்லுச்சோறே தின்னு வளந்த புள்ள, கம்பஞ்சோத்துக்குக் கொள்ளுப்பருப்பு ஊத்தித் தின்னு பாரு சாமி, அப்பறம் பேசு" என்றார். மறுநாள் சந்தகை, தேங்காய்ப்பால். அடுத்த நாள் ஒப்பிட்டு, ஊத்துக்குளி வெண்ணெய் காய்ச்சிய நெய்யோடு. இடையிலே அரிசி பருப்புச் சாதம், பச்சைப்புளி ரசம். எல்லாமே தண்ணீர் குறைந்த காட்டின் சமையல். கம்பும் கொள்ளும் மானாவாரியில் விளைந்தவை; தென்னை, தண்ணீர் வந்த பின் பெருகியது. இன்று காங்கேயத்தின் பெயரைக் கொப்பரைக் களங்களும் தேங்காய் எண்ணெய் ஆலைகளும் அரிசி ஆலைகளும் சொல்கின்றன. ரசத்தில் கிள்ளிப் போடும் மிளகாய்கூட மெக்சிகோ பக்கம் பிறந்து, போர்ச்சுகீசியர் கப்பல் வந்த பிறகு நம் நாட்டுக்கு வந்ததுதான். அதற்கு முன் காரம் என்றால் மிளகு. மிளகும் சீரகமும் தட்டிப் போட்ட செலவு ரசம் அந்தக் காலத்தின் வாசனையை இன்னும் வைத்திருக்கிறது.

பட்டிப் பொங்கலன்று பட்டிக்குள் சின்னத் தெப்பக்குளம் கட்டித் தண்ணீர் விட்டு, மாட்டை மிதிக்க விட்டோம். மறுநாள் பூப்பறிக்கும் நோம்பி. பெண்கள் கட்டுச்சோறு எடுத்துப் போய் ஆவாரம்பூ பறித்துக் கும்மியடித்தார்கள். மாலையில் சிவன்மலை ஏறினோம். ஒரு பக்தரின் கனவில் முருகன் சொல்லும் பொருளை, சாமியிடம் பூக்கேட்டு, ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும் வரை அதுவே இருக்கும். மண், தண்ணீர் என்று எது வைத்தாலும், நாட்டில் அதை ஒட்டி ஏதோ நடக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. தண்ணீர் என்றதும் மனம் நொய்யலுக்குப் போகிறது. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகி, கீழே இருந்த காடும் கிணறும் கெட்டதை நாம் கண்ணால் பார்த்தோம். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. சோறு போட்ட தொழிலும் நம்முடையது. நாசமான ஆறும் நம்முடையது.

மோட்டார் வந்தது, கவலை நின்றது. டிராக்டர் வந்தது, காளைக்கு வேலை போனது. கலப்பினப் பசு வந்தது, பட்டி குறைந்தது. கொறங்காடுகள் பல மனையிடங்களாகிவிட்டன. 2017-இல் ஜல்லிக்கட்டுக்காக மாணவர்கள் எழுந்தபோது காங்கேயம் காளையின் படம் ஊரெல்லாம் நின்றது. படத்தில் நிற்பது பெரிதல்ல, தம்பிகளே. பட்டியில் நிற்க வேண்டும். குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளை அதற்காக உழைக்கிறது.

என் அமுச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பாடிய கும்மிப் பாட்டில் எனக்கு இரண்டு அடிதான் நினைவில் இருக்கிறது. மீதியை எழுதி வைக்க எனக்குத் தோன்றவில்லை. இந்நாள் மாணவர்களிடம் ஒரே வேண்டுகோள்: இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். உங்கள் ஆத்தாவிடமும் அமுச்சியிடமும் உட்கார்ந்து கேளுங்கள். அறைத்தோழனையும் கூட்டிப் போங்கள். நமக்குப் பழகிப்போனதை அவன்தான் கேள்வி கேட்பான்.

வாழ்க நம் கல்லூரி! பட்டி பெருகட்டும்!