எம் 102.4 பிறந்த கதை

1998 செப்டம்பர் கடைசியில் மலேசியாவின் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சலும் தலைவலியுமாகப் படுத்தார்கள். சிலர் நினைவு திரும்பாமலே இறந்தார்கள். சிலருடைய இரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. பன்றியில் பெருகி, கொசுவால் பரவும் நோய் அது. எல்லாம் பொருந்திவந்ததால் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் படுத்தார்கள்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நம் நாட்டுக்குப் பழைய நோய். அறிகுறியே இல்லாமல் வந்துபோனாலும் இரத்தத்தில் தடம் விட்டுப்போகும். அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் முதல் முடிவு எடுத்தார்கள். ஆனால் ஓர் எதிர்ப்பொருள் ஒரு வடிவத்தைத்தான் பிடிக்கும்; பழைய நோயின் தடம் புதுக் கிருமியைக் காட்டிக்கொடுக்காது. நம் வெள்ளையணுக்களில் பி அணு ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வகை எதிர்ப்பொருளை வைத்திருக்கிறது. கிருமி நுழைந்ததும் அதற்குப் பொருந்தும் அணு பெருகி, அந்தப் புரதத்தை இரத்தத்தில் கொட்டும். முதல் தடவை அதற்கு ஒரு வாரத்துக்கு மேலாகலாம். மூளையைத் தாக்கும் கிருமி அதுவரை காத்திருப்பதில்லை.

நோய் கண்ட பன்றிகள் தெற்கே நெகிரி செம்பிலானுக்கு விற்கப்பட்டன. ஈப்போவிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை எங்கள் ஊரான சிலிம் ரிவரைத் தாண்டித்தான் போகிறது. இதைத் தூரத்து ஊர்க் கதையாக என்னால் படிக்க முடிந்ததில்லை. சுங்கை நிப்பாவிலும் புக்கிட் பெலாண்டோக்கிலும் சாவு கூடியது. சீனர்களோடு இந்தியத் தொழிலாளர்களும் நோயில் விழுந்தார்கள்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து கிருமியைப் பிரித்து வளர்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே ஹென்ட்ரா கிருமிக்கான எதிர்ப்பொருள் இதன்மேல் ஒட்டியது. ஹென்ட்ரா 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற கிருமி. புதிய கிருமி அதன் நெருங்கிய உறவு என்பது தெரிந்தது. நிப்பா என்று பெயரிட்டார்கள். அந்தப் பரவல் ஓய்வதற்குள் மலேசியாவில் 265 பேரைப் பிடித்து, 105 பேரைக் கொன்றிருந்தது. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பின்னர் பழந்தின்னி வௌவால்களின் இரத்தத்திலும் நிப்பாவுக்கான எதிர்ப்பொருள் கிடைத்தது. கிருமியின் இருப்பிடம் அப்படித்தான் தெரிந்தது.

இரண்டு கிருமிக்கும் பொதுவான இடம் ஒன்று இருந்தால், ஒரே எதிர்ப்பொருளால் இரண்டையும் அடக்கலாமே! அமெரிக்காவில் கிறிஸ்டோபர் பிராடரும் டிமிட்டர் டிமிட்ரோவும் அதைத் தேடினார்கள். மனித எதிர்ப்பொருள்களின் பெரிய தொகுப்பிலிருந்து, ஹென்ட்ராவின் ஜி புரதத்தைப் பிடிப்பதைச் சலித்தெடுத்தார்கள். அதை இன்னும் கூர்மையாக்கியபோது பிறந்ததுதான் எம் 102.4. நம் அணுவைத் திறக்க இந்தக் கிருமிகளுக்குத் திறவுகோல் அந்த ஜி புரதம்தான். இந்த மருந்து அதன் பற்களில் மெழுகாக அப்பிக்கொள்கிறது. உடல் தானாகச் செய்ய நாளெடுக்கும் பொருளை ஆயத்தமாக ஊசியில் ஏற்றுகிறோம் என்பதே இதன் பெருமை.

2010இல் குயின்ஸ்லாந்தில், ஹென்ட்ரா கண்ட குதிரையோடு பழகிய தாய்க்கும் மகளுக்கும் இதைக் கொடுத்தார்கள். இருவருக்கும் நோய் வரவில்லை. இரண்டு பேரை வைத்து மருந்தின் பலத்தை நிறுவ முடியாது என்பதும் உண்மை. 2018இல் கேரளத்தில் நிப்பா வந்தபோது ஆஸ்திரேலியாவிலிருந்து இதை வரவழைத்தார்கள்.

எம் 102.4 இன்னும் பொதுப் பயன்பாட்டுக்கு அனுமதி பெறவில்லை. ஆராய்ச்சி மருந்தாகவே இருக்கிறது. எனவே வௌவால் கடித்துப்போட்ட பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். பன்றிப் பண்ணையில் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் வந்தால், என்ன வேலை என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.