வேலி சாய்ந்தது யாரால்?



போன வாரம் எங்கள் வீட்டுக் கிழக்குப் பக்கத்தில் அலுமினிய வேலி போட்டு முடித்தோம். படம் போட்டதும் பழைய மாணவன் ஒருவன், "சார், வரலாற்று வாத்தியார் வீட்டுக்கு அலுமினிய வேலியா? உடைமுள் வைத்து அடைப்பீர்கள் என்று நினைத்தேன்" என்று கிண்டல் செய்திருந்தான். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. இதில் கொஞ்சம் வரலாறும் இருக்கிறது, என் தவறு ஒன்றும் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தஞ்சைப் பக்கத்தில் வேலி என்றால் அடைப்பு மட்டுமல்ல, நில அளவும்கூட. இருபது மா ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 6.6 ஏக்கர். சோழர் கல்வெட்டுகளிலேயே நிலத்தை வேலிக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அடைப்பதற்கும் அளப்பதற்கும் ஒரே சொல்.

எங்கள் கோவில்பட்டிக் கரிசலில் அந்தக் காலத்து வேலி வேறு மாதிரி. உடைமுள்ளும் இலந்தைமுள்ளும் வெட்டிவந்து கவைக்கம்பால் அமுக்கி அடைப்பார்கள். வாசலுக்கு ஒரு படல். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் கிளுவைப் போத்து நடுவார்கள், அல்லது கள்ளியும் கற்றாழையும் வைப்பார்கள். இவை எதற்கும் அஸ்திவாரம் கிடையாது. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழையில் அதே நிலம் ஊதிக்கொள்ளும். முள்ளடைப்பு அதோடு சேர்ந்து ஏறும், இறங்கும். சாய்ந்தால் கவைக்கம்பை மாற்றிக் குத்துவார்கள். கிளுவை தானாகவே வேர் விட்டுப் பிடித்துக்கொள்ளும். சிறுவயதில் இதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது என்பது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

வெள்ளைக்காரர் காலத்தில் வேலிக்குப் புதுச் செடிகள் வந்தன. சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இங்கேயே வளர்க்க ஆசைப்பட்டு, கும்பெனியின் மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780-களின் கடைசியில் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். சாய வியாபாரம் ஓங்கவில்லை. சப்பாத்திக்கள்ளிதான் ஓங்கியது. வேலிக்கென்று நட்டது, பிறகு நிலத்தையே பிடித்துக்கொண்டது. அதே பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வகையை 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் தென்னிந்தியாவில் அது அடங்கியது.

அடுத்து வந்தது சீமைக்கருவேலம். 1870-களில் விறகுக்காகவும் தரிசை மூடவும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம். நம் மக்கள் அதற்கு வைத்த இன்னொரு பெயரைக் கவனியுங்கள்: வேலிக்காத்தான். பெயரே அதன் வேலையைச் சொல்கிறது. கடைசியில் அதை வெட்டி அகற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போடும் அளவுக்கு அது வளர்ந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இடையில் 1871-ல் கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டுத் தொழுவில் அடைக்கலாம், உரியவர் அபராதம் கட்டி மீட்க வேண்டும். என் வயதுக்காரர்கள் பலர் அப்பாவோடு பவுண்டுக்குப் போய் மாட்டை மீட்டுவந்திருப்பீர்கள்.

அப்போது கடலுக்கு அப்பால் இன்னொன்று நடந்தது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் புல்வெளியில் வேலிக்கு மரமும் இல்லை, கல்லும் இல்லை. அங்கே ஜோனதன் டர்னர் என்ற கல்லூரிப் பேராசிரியர், ஓசேஜ் ஆரஞ்சு என்ற முள்மரத்தை நெருக்கி நட்டு உயிர்வேலி போடச் சொல்லி ஊர் ஊராகப் பரப்பினார். நம் கிளுவை மாதிரிதான். ஆனால் அது வளர வருடங்கள் ஆகும். 1874-ல் அதே மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் உலகம் முழுவதும் வேலியின் கதையே மாறிவிட்டது. நம்மூருக்கு வந்தபோது கல்லுக்கால் ஊன்றி, நாலு வரிசை முள்கம்பி இழுத்துக் கட்டுவது என்று ஆனது.

நானும் அப்படித்தான் செய்தேன். 1989-ல் ஊரின் விளிம்பில், முன்பு பருத்தியும் கம்பும் விளைந்த புஞ்சையில் மனை வாங்கி வீடு கட்டினேன். பக்கத்து மனை அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். இருவரும் செலவைப் பாதிப் பாதியாகப் போட்டு அறுபது அடி நீளத்துக்குக் கல்லுக்கால் வேலி போட்டோம். ஒன்றரை அடிக் குழி, அதில் கல், சுற்றிலும் அதே கரிசல் மண்ணைப் போட்டு மிதித்தோம். முடிந்த அன்று இரண்டு வீட்டிலும் பாயசம்.

ஏழெட்டு வருடத்தில் கற்கள் அவர் பக்கமாகச் சாயத் தொடங்கின. ஒருமுறை நிமிர்த்தினோம். மறுபடி சாய்ந்தது. மூன்றாவது முறை அண்ணாச்சி, "சார், கல்லு தானா சாயுமா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். எனக்குச் சுருக்கென்றது. "நான் ராத்திரி எழுந்து தள்ளிவிடுறேனாக்கும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் தலை ஓர் அடி உள்ளே வந்திருக்கிறது என்றார். நான் அவர் மாட்டைக் கல்லில் கட்டி இழுக்கவிடுகிறார் என்றேன். வார்த்தை தடித்தது. அதன்பின் பதினோரு வருடம் நாங்கள் பேசவில்லை. என் வீட்டம்மாளும் மதினியும் மட்டும் அதே வேலி வழியாகக் கருவேப்பிலையும் குழம்பும் மாற்றிக்கொண்டார்கள். எங்கள் சண்டையை அவர்கள் சட்டை செய்யவில்லை.

இத்தனைக்கும் நான் வகுப்பில் நில அளவை பற்றிப் பாடம் நடத்தியவன். நம் மாநிலத்தில் எல்லையைச் சொல்வது 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். அதன்படி நட்ட சர்வே கல்லும், புலப்படத்தில் எழுதிய அளவும்தான் எல்லை. வேலி எல்லை அல்ல. வேலி சாய்வதால் எல்லை நகராது. இது தெரிந்த நானே ரோஷத்தில் அதை மறந்தேன். மகள் கல்யாணத்துக்கு அண்ணாச்சி தானாக வந்து மொய் எழுதியபோதுதான் பேச்சு தொடங்கியது. வேலியைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போது அண்ணாச்சி மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். இங்கே அவருடைய மகன் இருக்கிறான். இந்த வருடம் அவன் பேரப்பிள்ளை துருப்பிடித்த கம்பியில் காலைக் கிழித்துக்கொண்டது. "மாமா, இதை எடுத்துட்டு வேற போடுவோமா?" என்று கேட்டான். சுவர் வைப்போம் என்றேன். கட்டடப் பொறியாளராக இருக்கும் என் மாணவன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றான். எங்கள் தெருவிலேயே விரிசல் விடாத காம்பவுண்டுச் சுவர் எத்தனை என்று எண்ணச் சொன்னான். எண்ணினேன். ஒன்றுகூட இல்லை.

அவன் சொல்லித்தான் மண்ணைப் பற்றிப் படித்தேன். கரிசலில் இருக்கும் களிமண் தாதுக்கு மான்ட்மோரில்லோனைட் என்று பெயர். பிரான்ஸிலுள்ள மான்ட்மோரிலோன் என்ற ஊரின் பெயரில் வந்தது. அதன் துகள்கள் அடுக்கடுக்கான மெல்லிய தகடுகள். தகடுகளுக்கிடையே தண்ணீர் புகுந்தால் மண் ஊதும், வெளியேறினால் சுருங்கும். ஈரத்தைப் பிடித்து வைப்பதால் மானாவாரிப் பருத்திக்கு இது வரம். 1901-லேயே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வைத்ததற்குக் காரணம் இந்த மண்தான். கட்டடத்துக்கு இதே குணம் சாபம். மேல்மண் வருடந்தோறும் அசைவதால், அசையாத ஆழத்துக்குப் போய், அடியில் குடம்போல அகன்ற கான்கிரீட் தூண் போடும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950-களில் உருவாக்கிப் பரப்பியது. ஆழமான கரிசலில் வீட்டுக்கு அந்தத் தூண் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும். எங்கள் கல்லுக்கால் இறங்கியது ஒன்றரை அடி.

சரி, அது ஏன் எப்போதும் அவர் பக்கமே சாய்ந்தது? பழைய கல்லைப் பிடுங்கிய அன்று மாணவன் குழியைக் காட்டினான். என் பக்கத்து மண் குழைவாக, ஈரமாக இருந்தது. அவர் பக்கத்து மண் வறண்டு, கல்லை ஒட்டி இரண்டு விரல் இடைவெளி விட்டு வெடித்திருந்தது. "சார், இந்தப் பக்கம் தண்ணி எங்கிருந்து வருது?" என்றான். நான் திரும்பிப் பார்த்தேன். என் குளியலறைத் தண்ணீர் வேலியோரமாக ஓடி, என் ஐந்து வாழைக்குப் பாய்கிறது. வீடு குடியேறிய வருடத்திலிருந்து பாய்கிறது. என் பக்கத்து மண் ஊதித் தள்ள, அவர் பக்கத்து வெடிப்பு இடம் கொடுக்க, கல் அங்கே சாயாமல் எங்கே சாயும்? அண்ணாச்சி தள்ளவில்லை. நானும் கையால் தள்ளவில்லை. ஆனால் தண்ணீர் என்னுடையது.

அலுமினியம் ஏன் என்று கேட்டவனுக்கு இப்போது பதில். 1884-ல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் மகுடமாக வைத்தது 100 அவுன்ஸ் அலுமினியம். அன்று அது வெள்ளிக்குச் சமமான விலை. இரண்டே வருடத்தில், 1886-ல், அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்ஸில் பால் ஹெரூவும் ஒருவரையொருவர் அறியாமல், மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் ஒரே வழியைக் கண்டார்கள். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. விலை சரிந்தது. நம் மேட்டூரில் 1965-ல் அலுமினிய ஆலை ஓடத் தொடங்கியது. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் வெட்டிய பாக்சைட் அங்கே போனது. உச்சிமகுடம் சோற்றுப்பானை ஆனது. காய்ச்சிய அலுமினியக் கட்டியை அச்சில் வைத்து முறுக்கு பிழிவதுபோலப் பிழிந்தால் வேலிச் சட்டம் கிடைக்கிறது.

கரிசலுக்கு இது ஒத்துவரக் காரணம் எடை. இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். துருப்பிடித்து உதிராது. தூண் தனித்தனியாக நிற்பதால், ஒன்று கொஞ்சம் அசைந்தாலும் சுவர்போல முழுவதும் பிளக்காது. இடைவெளி இருப்பதால் எங்கள் ஆடிக்காற்றும் ஊடே போய்விடும்.

போட நினைப்பவர்களுக்காக, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மாசியில் குழி எடுத்தோம். அப்போது மழைச் சேறும் இல்லை, கோடை வெடிப்பும் இல்லை. குழி நாலு அடி ஆழம், அடியில் அகலம் கூடுதல், மேலே குறைவு. கொத்தனார் மிச்சக் கலவையை மேலே குடைபோல அகட்டிப் பூசப் போனார். தடுத்தோம். மண் ஊதும்போது அந்தக் குடையைப் பிடித்துத்தான் தூணை மேலே தூக்கும். கான்கிரீட்டின் மேல் இரண்டடியைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் வைத்தோம், மண் ஒட்டிப் பிடிக்காமலிருக்க. ஈரச் சிமெண்டு அலுமினியத்தை அரிக்கும், அதனால் புதையும் பகுதிக்குத் தார் பூசினோம். திருகாணிகள் துருவேறா எஃகு. சட்டத்தின் அடிக்கும் தரைக்கும் மூன்று அங்குலம் விட்டோம். சட்டத்தைத் தூணோடு இறுக்கிப் பற்றவைக்காமல், கொஞ்சம் நகர இடமுள்ள நீள்துளையில் முடுக்கினோம்.

முக்கியமானது கடைசி. குளியலறைத் தண்ணீரைக் குழாய் போட்டு மேற்குப் பக்கம் திருப்பினேன். வேலியோர வாழைகளையும் அங்கே மாற்றினேன்.

கவைக்கம்பை மாற்றிக் குத்திய எங்கள் தாத்தாமார்கள் மண் அசையும் என்பதை ஒப்புக்கொண்டு வேலி போட்டார்கள். நடுவில் நான்தான் அசையாது என்று நம்பிக் கல் ஊன்றினேன். அசைந்தபோது பக்கத்து வீட்டு மனிதரைச் சந்தேகித்தேன். இந்த அலுமினிய வேலியும் சாயலாம். சாய்ந்தால் முதலில் குழியைப் பார்க்கச் சொல்லி இரண்டு வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறேன்.

வேலை முடிந்த அன்று இரவு அண்ணாச்சிக்கு போன் செய்தேன். "அண்ணாச்சி, கல்லு தானாத்தான் சாஞ்சிருக்கு. காரணம் என் வீட்டுத் தண்ணி" என்றேன். மறுமுனையில் கொஞ்சநேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தார். "அது கெடக்கட்டும் சார். வாழையை எடுத்து வச்சீகளாமே, பய சொன்னான். பிடிச்சிருச்சா?" என்றார்.

ஐந்தில் நாலு பிடித்துவிட்டது. முதல் குலையைக் கோயம்புத்தூருக்கு நானே கொண்டுபோவதாக இருக்கிறேன்.