வெனிஸுக்குத் திரும்பிய பின்னல்

வெனிஸ் நகரத்து ஊசி லேஸ் ஒரு காலத்தில் ஐரோப்பிய அரண்மனைகளின் ஆடம்பரம். விரற்கடை அளவு போடுவதற்கே வெகுநேரம் பிடிக்கும். 1840களில் உருளைக்கிழங்கு அழுகி அயர்லாந்தில் பஞ்சம் பரவியபோது, அந்த லேஸைப் பார்த்து விரைவாகப் பின்ன ஒரு வழி கிடைத்தது. அதுதான் கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் போடும் குரோஷே. கன்னியாஸ்திரிகள் கற்றுக்கொடுத்தார்கள், ஏழைப் பெண்கள் பின்னினார்கள். பார்த்துச் செய்த சரக்குதான், ஆனாலும் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. கப்பலேறிப் போனவர்களோடு அந்தக் கைவேலை அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கதையின் இன்னொரு இழை பாலித்தீன். அது பிறந்தது தற்செயலாக. 1933இல் இங்கிலாந்தின் நார்த்விச்சில், ஐசிஐ நிறுவனத்தின் ஃபாசெட்டும் கிப்சனும் எத்திலீன் வாயுவைக் கடும் அழுத்தத்தில் வைத்துச் சோதித்தார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை, கலத்தில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் படிந்திருந்தது. போர்க்காலத்தில் அது ரேடார் கம்பிகளுக்கு உறையானது. 1960களில் ஸ்வீடனின் ஸ்டென் குஸ்டாஃப் துலின் அதையே கைப்பிடி வைத்த பையாக்கினார். காகிதப் பைக்காக மரம் வெட்டுவதைக் குறைக்க வந்த பை அது, திரும்பத் திரும்பப் பயன்படும் என்று அவர் நம்பினார் என்கிறார் அவருடைய மகன். உலகமோ ஒரே தடவையில் தூக்கி எறியப் பழகிக்கொண்டது.

1997இல் இரண்டு கதைகளும் ஒன்றையொன்று அறியாமலே நெருங்கின. ஹவாயிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் படகில் திரும்பிய சார்ல்ஸ் மூர், நடுப் பசிபிக்கில் பிளாஸ்டிக் மிதப்பதைக் கண்டார். அதே ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில், லாட்வியாவைச் சேர்ந்த கணித ஆசிரியை டைனா டைமினா, காகித மாதிரிகள் கிழிந்துபோவதால், அலையலையாக வளையும் வடிவியல் பரப்பான அதிபரவளையத் தளத்தைக் குரோஷேயில் பின்னத் தொடங்கினார். வரிசைதோறும் ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டினால் துணி தானாகவே சுருண்டு அலையலையாக விரியும். பவளப்பாறை வளர்வதும் ஏறக்குறைய இப்படித்தான்!

அந்த ஒற்றுமையைப் பற்றிக்கொண்டவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் வாழ்ந்த ஆஸ்திரேலிய இரட்டைச் சகோதரிகள் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம். பிறந்த மாநிலத்தின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு வெளுத்து அழிவது பொறுக்காமல், 2005இல் வீட்டிலேயே பவளம் பின்னத் தொடங்கினார்கள். முதலில் கம்பளி நூல், பிறகு பிளாஸ்டிக். நான்கு ஆண்டுகள் தங்கள் வீட்டில் சேர்ந்த பிளாஸ்டிக் குப்பையையும் காட்சிக்கு வைத்தார்கள்.

பையை நூலாக்குவது எளிது. பையைத் தட்டையாக மடித்து, கைப்பிடியையும் அடியையும் வெட்டி நீக்கி, குறுக்கே பட்டை பட்டையாக நறுக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையும் ஒரு வளையம். வளையத்துக்குள் வளையம் கோத்து இழுத்தால் முடிவில்லாத இழை. தடித்த கொக்கி தேவை, விரல் வலிக்கும்.

டப்ளின் உட்படப் பல நகரங்களில் பெண்கள் கூடித் தங்கள் ஊருக்கென்று ஒரு திட்டு பின்னினார்கள். 2019இல் சகோதரிகளின் பவளத்திட்டு வெனிஸ் கலைக் கண்காட்சியில் இடம்பெற்றது. லேஸ் கிளம்பிய ஊருக்கே அதன் வாரிசு வந்து சேர்ந்தது.

இந்தப் பின்னல் கடலைச் சுத்தம் செய்யாது. ஆனால் ஒரு சிறு பவளத்துக்கு எத்தனை பை போகிறது என்பதைப் பின்னுகிற கை மறக்காது. நீங்களும் முயன்று பாருங்கள், வீட்டில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பைகளை வைத்து. இதற்கென்று புதுப் பை மட்டும் வாங்காதீர்கள்.